சுருக்கப் பெட்டி

போன மாதம், எங்கள் மளிகைக் கடையில் ஆளில்லாத ஒரு மத்தியான நேரம், சும்மா இருக்கமாட்டாமல் சோளக்காட்டு விவசாயிகள் சங்கத்தின் விக்கித் தளத்தைப் போனில் திறந்து பார்த்தேன். யாரோ அதற்குப் புதுத் தோற்றம் போட்டிருக்கிறார்கள். முன்பு நான் வடிவமைத்துக் கொடுத்த பச்சை போய் நீலம் வந்திருந்தது. நான் தேடித் தேடிப் பொறுக்கிய எழுத்துரு இல்லை. பக்கத்தின் தலையில் என் கையால் வரைந்து வைத்திருந்த பலாச்சுளையும் இல்லை. இந்தத் தொழிலில் ஒரு தோற்றத்துக்கு ஆயுசு நாலைந்து வருஷம்தான். நானே எத்தனையோ பேருடைய வேலையைக் கழற்றி எறிந்தவள். இருந்தும் அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் எங்கள் ஊரான பேளுக்குறிச்சிக்குத் திரும்பியதற்கும் அந்தக் கோபம்தான் காரணம். மேலே இருந்தவர் நான் செய்த வேலையைத் தன் வேலையாகக் காட்டிக்கொண்டார். மறுநாளே மூட்டையைக் கட்டிவிட்டேன். அத்தா, அதாவது என் அப்பா, "வந்தியா, சாப்பிடு" என்றதோடு சரி. ஒரு மாதம் கடையில் சீரகம் நிறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் மலையிலிருந்து எங்களுக்கு மிளகு கொண்டுவருகிற விவசாயிகள் சங்கத்துக்காரர் ஒருவர் அத்தாவிடம் கேட்டார். "ஏனுங்க பாய், உங்க பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சவங்கதானுங்களே? எங்க விக்கியக் கொஞ்சம் பாத்துத் தரச் சொல்லுங்க." அத்தா வாயைத் திறக்கும் முன்னால் உள்ளேயிருந்து நானே சரி என்று சொல்லிவிட்டேன். என்ன வேலை என்று அத்தாவுக்கு விளக்கினேன். அந்த மென்பொருளைப் புதுப்பதிப்புக்கு மாற்ற வேண்டும், மாற்றினால் பழைய தோற்றம் வேலை செய்யாது, புதிதாக ஒன்று வடிவமைத்துப் பொருத்த வேண்டும். அத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கம்ப்யூட்டருக்குச் சட்டை தைக்கப் போறேங்கறே" என்றார். "ஆமா, அளவெடுக்கத்தான் மலைக்குப் போறேன்" என்றேன். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் "சட்டை எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

விக்கி என்பது பலர் சேர்ந்து எழுதுகிற பக்கங்களின் தொகுப்பு. பெயர் பதிந்த யாரும் எந்தப் பக்கத்தையும் திறந்து திருத்தலாம். யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு என்ற பட்டியலில் நிற்கும். சங்கத்து விக்கியில் ஒவ்வொரு பலா மரத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆமாம், மரத்துக்கு மரம். அந்த மலையில் பலாவை வகை சொல்லிக் கேட்பவர்கள் குறைவு, மரம் சொல்லித்தான் கேட்பார்கள். இடிவிழுந்த மரம், ஓடைக்கரை மரம், வாத்தியார் ஊட்டு மரம் என்று ஒவ்வொன்றுக்கும் பேர். ஒரு மரத்துச் சுளை தேனாக இருக்கும், பத்தடி தள்ளி நிற்பது வெறும் சக்கையாக இருக்கும். எந்த மரம் எப்போது பழுக்கும், சுளை என்ன நிறம், எப்படி ருசி என்று வெளியூர் வியாபாரிகள் பார்த்துக் கேட்டு வாங்குவதற்காக யாரோ ஒரு புண்ணியவான் முன்பு ஆரம்பித்து வைத்தது அது.

சங்கத்து ஆபீஸ் சோளக்காட்டில் பழக்கடைகளுக்கு மேலே ஒரு மாடி அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை, ஜன்னலுக்குக் கீழே பஸ் நிற்கிற இடம். பலாப்பழ வாசனையும் டீசல் வாசனையும் கலந்து மேலே ஏறி வரும். அந்த அறையில் நான் இருந்தது நாலு மாதம். அதற்கு முன்னும் பின்னும் நல்ல நல்ல நாற்காலிகளில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன், எதுவும் அந்த மர ஸ்டூலுக்கு ஈடாகாது. மழை பிடித்துக்கொண்டால் எதிரில் இருக்கிற கடைகூடத் தெரியாது. கரண்டு போனால் எல்லோரும் ஜன்னலண்டை வந்து நின்று, இறங்குகிற ஏறுகிற ஆட்களைப் பற்றி வம்பு பேசுவோம். நினைத்தால் இப்போதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அங்கே மர விவரங்களை விக்கியில் பதிகிற வேலை பார்த்தது ஒரு அக்கா. வளப்பூர் நாடு என்கிற மலைக் கிராமப் பகுதியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒற்றை விரலால்தான் தட்டச்சு செய்வார், ஆனால் ஒரு பிழை இருக்காது. வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, "கண்ணு, பழைய படத்தை மாத்துங்க, பரவால்ல. எழுதி வெச்சது ஒண்ணும் போயிராதுங்களே?" என்று கேட்டார். "ஒரு எழுத்துப் போகாதுக்கா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரைவது பாதி வேலைகூட இல்லை. அதை மென்பொருளுக்குள் பொருத்துவதுதான் உயிரை எடுக்கும். முதலில் 'நீ' என்று எழுதினால் மேல்சுழி வெட்டுப்பட்டு மொட்டையாக நின்றது. வரிக்கு வரி இடைவெளியைக் கூட்டினேன், மெனு கீழே இறங்கி மரத்தின் பேரை மூடிக்கொண்டது. மெனுவைத் தூக்கினேன், தொகு என்கிற பொத்தான் போட்டோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, மரம் ஊட்டு மேல உழுந்தாப்பல கெடக்குது" என்றார். கோபத்தில் அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. அவர் கொண்டுவந்த சாமைச் சோற்றில் பாதியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சோதனைப் பிரதி ஓரளவு நின்றதும் மூன்று போன்களில் அதைப் போட்டுக் கீழே கடைகளில் இருந்த பெண்கள் கையில் கொடுத்தேன். வெயிலில் எழுத்துத் தெரிகிறதா, விரல் எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். எதை யாரும் தொடவில்லையோ அதை எடுத்துவிடுவது என் கொள்கை. பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும் எனக்கு. அப்படிப் பதினைந்து பொத்தான்களை எடுத்தேன். கடைசியில் நின்றது சுருக்கப் பெட்டி.

பக்கத்தைத் திருத்திவிட்டுச் சேமிக்கும்போது கீழே சின்னதாக ஒரு பெட்டி வரும். என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரியில் அதில் எழுதலாம். அந்த வரி பக்கத்தில் தெரியாது, வரலாற்றுப் பட்டியலில் மட்டும் போய் நிற்கும். அந்தப் பட்டியலை ஒருத்தரும் திறப்பதில்லை. போன் திரையில் அந்தப் பெட்டி பாதி இடத்தை அடைத்துக்கொண்டு பல்லைக் காட்டியது. சங்கத்துக்காரர்கள் பத்துப் பேர் கூடியிருந்த ஒரு நாள் எல்லோரிடமும் கேட்டேன். யாருக்கும் அது என்னவென்றே தெரியவில்லை. அக்காவிடம் தனியாகத் திரும்பி, "உங்களுக்கு வேணுமாக்கா?" என்றேன்.

"எனக்கெதுக்குங்க" என்றார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கட்டும். போன்ல மட்டும் எடுத்திடறேன்."

"எடுத்துருங்க கண்ணு. போன்ல யாரு எழுதப் போறாங்க?"

எடுத்துவிட்டேன். புதுத் தோற்றம் ஏறிய அன்று சங்கத்தில் எல்லோருக்கும் பலாச்சுளை கொடுத்தார்கள். ஒரு பெரியவர் போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தன் மரத்தின் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் அத்தாவிடம், "சட்டை கச்சிதமா உக்காந்துருச்சு" என்றேன்.

மூன்றாம் நாள் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நான் கண்காணிக்கிற பட்டியலில் எந்தப் பக்கத்தில் எத்தனை எழுத்துக் கூடியது, குறைந்தது என்பது மட்டும் தெரியும். மாட்டுக்கொட்டாய் மரம் என்ற ஒரே ஒரு பக்கத்தில் ஒரு எழுத்துக் கூடுகிறது, உடனே குறைகிறது. மறுபடியும் கூடுகிறது, குறைகிறது. மாறிய எழுத்தை மட்டும் திறந்து பார்த்தால் ஒரு வெற்று இடைவெளியை யாரோ போட்டுப் போட்டு எடுத்திருக்கிறார்கள். பாதி வெளியிலிருந்து, எனக்குத் தெரியாத ஒரு பெயரில். மீதி எங்கள் அக்காவின் பெயரில். என்னுடைய சேமி பொத்தான் பேய் பிடித்து ஆடுகிறது என்று முடிவுகட்டினேன்.

"அந்தப் பக்கத்துல என்னக்கா பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலீங்களே" என்றவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு மூன்று நாளாகவே அவர் முகம் சரியில்லை என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. என் பொத்தான் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அடுத்த நாள் அந்தப் பக்கத்தில் சுளையின் ருசிக்கு எதிரே 'அம்மா நாந்தான்' என்று இரண்டு சொல் புதிதாக முளைத்திருந்தது. அந்த வெளிப் பெயரிலிருந்துதான். ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை விளையாடுகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இங்கே சோறு தண்ணி இல்லாமல் கோளாறு தேடிக்கொண்டிருக்கிறேன், இதுகளுக்கு விளையாட்டு. ஒரே அழுத்தில் அழித்துவிட்டேன். அழித்த கையோடு மறுபடியும் என் நிரலுக்குள் தலையை விட்டேன்.

ஒரு வாரம் தேடினேன். ஒரு தப்பும் அகப்படவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், ஒரு நாள் அக்கா வருவதற்கு முன்னால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தேன். முதன்முதலாக அதை முழுக்கக் கீழே இறக்கினேன். இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது. இரண்டு வருஷம். அத்தனையும் வெற்று இடைவெளி, அத்தனைக்கும் பக்கத்தில் சுருக்கப் பெட்டியில் எழுதிய ஒரு வரி. பழையது கீழே, புதியது மேலே என்பதால் அடியிலிருந்து மேலாகப் படித்தேன்.

'மழை புடிச்சுக்கிச்சு. ஆடு ரெண்டு குட்டி போட்டுருக்குது.' இது அக்கா.

'குட்டி என்ன நெறம்?' இது அந்த வெளிப் பெயர்.

'ஒண்ணு கருப்பு. ஒண்ணு உன்னாட்டம் முரடு.'

'அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குது?'

'தேவலை. உம்பேரச் சொல்லமாட்டாரு. ஆனா உந்தட்டுலதான் சாப்பிடறாரு.'

அந்த வெளிப் பெயர் அக்காவின் மகள் என்பது இதற்குள் புரிந்துவிட்டது. ஓரிடத்தில் அவளிடமிருந்து 'நாலு மாசம்' என்று மட்டும் இருந்தது. அன்றைக்கு அக்கா ஏழு தடவை இடைவெளி போட்டு எடுத்திருக்கிறார். ஏழிலும் 'சாமி' என்ற ஒரே சொல். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதற்கு மேலே நான் புதுத் தோற்றம் ஏற்றிய தேதி வந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

'டாக்டரம்மா எந்த நாள்னு சொன்னாங்க?' என்று அக்கா கேட்டிருந்தார். மகளின் வரி காலி. 'ஏங் கண்ணு ஒண்ணும் எழுதலை?' காலி, மறுபடியும் காலி. 'நான் அங்க வாரட்டுமா? உன் மாமியா ஏதும் சொல்லுவாங்களா?' காலி. அப்புறம் நான் அழித்த அந்த இரண்டு சொல், அதற்கு மேலே நிர்வாகி அழித்தார் என்று என் பெயர். அதற்கும் மேலே, 'நான் வர்றது உனக்குப் புடிக்கலையா சாமி?' காலி. கடைசியாக அக்காவின் வரி. 'சரி. நான் வரலை. நல்லபடியா இரு.' அதற்கப்புறம் மகளிடமிருந்து இரண்டு காலி வரி. பிறகு ஒன்றுமே இல்லை.

மகள் போனில்தான் எழுதியிருக்கிறாள். அவள் போனில் நான் பெட்டியை எடுத்துவிட்டேன். அம்மா கேட்பதையெல்லாம் படிக்க முடிகிறது, பதில் எழுத இடமில்லை. இடைவெளியைப் போட்டும் எடுத்தும் தான் இருப்பதை மட்டும் காட்டியிருக்கிறாள். பெட்டியைத் திரும்ப வைக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அக்கா வந்ததும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மகள் பக்கத்திலேயே எழுதியதை அவர் பார்க்கும் முன் அழித்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவளுக்கு எம்மேல கோவமில்லீங்களா?" என்றார்.

அப்புறம்தான் சொன்னார். மகளும் முன்பு இதே அறையில் அவரோடு பதிவு வேலை பார்த்தவள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒருவனை விரும்பிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பா அன்று சாமி முன்னால் கற்பூரம் ஏற்றி, அதை அக்காவைக் கையால் அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டார். இனி அவளோடு பேசக்கூடாது. பேசினால் கேடு மகளுக்குத்தான் வரும். "எனக்கு வந்தாப் பரவால்லீங்க. அவளுக்கு வரும்னா எப்படிங்க போன்ல பேசறது? எழுதறது பேச்சில்லைன்னு நாங்க ரெண்டு பேருமா வெச்சுக்கிட்டோம்."

"எதுக்குன்னு அன்னிக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேக்கா" என்று கத்திவிட்டேன். கத்திய மறுகணம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பத்துப் பேருக்கு முன்னால என்னன்னு சொல்லுவேன் கண்ணு? அவ போன்லதான் எழுதறான்னு எனக்குத் தெரியாதுங்களே. அவளும் கம்ப்யூட்டர்லன்னுதான் நெனச்சேன்." அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்று அவர் ஒரு மரத்தையும் பதியவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே பஸ்கள் வந்தன, போயின. மத்தியானம் ஒரு வரி வந்தது.

'பொண்ணு. பொறந்து ஒம்பது நாளாச்சு. நீ வந்துருவேன்னு கதவையே பாத்துட்டுக் கெடந்தேன்.'

அக்கா அதை மூன்று தடவை படித்தார். மூன்றாம் தடவை திரையைத் தொட்டார். எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "பேசறதுக்குத்தான் சத்தியம். பாக்கறதுக்குச் சத்தியம் இல்லீங்க" என்றார், யாரோ தடுத்த மாதிரி. நான் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

பஸ்ஸில் வளைவு வளைவாகக் கீழே இறங்கினோம். மகள் வீடு பேளுக்குறிச்சிக்குப் பக்கத்தில், தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. நான் தினமும் போகிற ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு வருஷமாக அந்த மலை இறக்கத்தைத்தான் இவர்கள் இடைவெளி போட்டுக் கடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். மாமியார்காரம்மாள் எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்து, "வாங்க, உள்ள வாங்க" என்று வழிவிட்டார்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா" என்றாள். அக்கா முந்தானையால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியை எடுத்தது நான், நீ எழுதியதை அழித்ததும் நான், உங்கம்மா மேல் ஒரு தப்பும் இல்லை என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானுங்களா? எழுதுனது அழிஞ்சதும் அப்பா பாத்துட்டாருன்னு நெனச்சுப் பயந்து போயிட்டேனுங்க. அப்பறம் அம்மா 'நான் வரலை'ன்னு எழுதியிருந்தாங்க. அம்மாவே என்னைய வேண்டாம்னுட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா மெல்ல உள்ளே வந்தார். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, முந்தானையைப் பல்லால் கடித்தபடி இரண்டு கையையும் நீட்டினார். மகள் குனிந்து குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள். அக்கா அதை மடியில் கிடத்தி, முகத்துக்கு நேராகக் குனிந்து, முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"அம்மாயி வந்துருக்கேன் சாமி" என்றார். "உங்கம்மாளுக்கு எம்மேல கோவமான்னு கேட்டுச் சொல்லு."

மகளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. கட்டிலிலிருந்து இறங்கி அவளும் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இல்லைன்னு சொல்லு கண்ணு" என்றாள் குழந்தையிடம். "எங்கம்மா ஏன் இப்படி எளைச்சுப் போயிட்டாங்கன்னு கேளு."

பொழுது சாய்கிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். பிரசவம் எப்படி இருந்தது, ராத்திரி யார் துணைக்கு இருந்தது, அப்பா என்ன சொல்லுவார், எல்லாவற்றையும் குழந்தையிடம்தான் கேட்டார்கள், குழந்தையிடம்தான் பதில் சொன்னார்கள். அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.